கூரை தொட்ட சுவர்

லாயக்காரம்மா வெந்நீரில் தவிட்டைப் பிசைந்து நீட்டினாள். வயதான பெண்குதிரை முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊருக்கு வெளியே, பிறர் குதிரைகளைக் கட்டணத்துக்குப் பராமரிக்கும் லாயம் அது. பழைய கொட்டகையை இடித்துவிட்டுக் குதிரைக்கு ஓர் அறை என்று, கூரை தொடும் சுவர்களோடு பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தாள்.

"என் வீடுகூட இப்படி இல்ல அண்ணி. எனக்கும் ஒரு அறை குடுங்க," என்றான் அதைக் கட்டிய கொத்தனார், அவள் கொழுந்தன்.

"உனக்கு லாடம் அடிக்க யாரு வருவா?"

சிரிப்பு நிலைக்கவில்லை. புது அறைக்கு வந்த நாளிலிருந்தே பெண்குதிரை சரியாகத் தின்னவில்லை. "புது இடம், முரண்டு பிடிக்குது" என்று குதிரையின் சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவரும் நம்பிவிட்டார்.

பக்கத்து அறையில் கறுப்புக் குதிரை கனைத்தது. பெண்குதிரை காதை நிமிர்த்திச் சுவரையே பார்த்தது. கொட்டகையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் தின்னும். தினமும் அதைப் பார்த்தவள் அவள். சுவரை உயர்த்தச் சொன்னதும் அவளே. பழியை மட்டும் வாயில்லாத ஜீவன்மேல் போட்டிருக்கிறாள்.

உடனே சொந்தக்காரருக்குப் போன் செய்தாள். "அது முரண்டு பிடிக்கலங்க. நான்தான் துணையைப் பாக்க விடாம சுவர் வச்சுட்டேன். இளைச்சுப்போச்சு."

"முதல்ல அதைச் சாப்பிட வைங்கம்மா," என்றார் அவர்.

மறுநாள் காலை குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, கொழுந்தன் சுவரின் மேல்பாதியை இடித்தான். செங்கற்களை அவளே சுமந்தாள். திரும்ப உள்ளே விட்டதும் பெண்குதிரை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தது. பிறகு தவிட்டில் வாய் வைத்தது. அவள் நின்று பார்க்காமல் அடுத்த சுவரைக் கொழுந்தனுக்குக் காட்டினாள்.