கழுத்தில் பட்ட மருத்து நீர்

வருசப் பிறப்பன்று மருத்து நீர் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் குளித்ததில்லை. தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகம்புல், மஞ்சள், மிளகு, பால், கோசலம் எல்லாம் போட்டுக் கோயிலில் காய்ச்சி வைத்திருப்பார்கள். போத்தலோடு போனால் ஐயர் வார்த்துத் தருவார். புண்ணியகாலத்தில் பஞ்சாங்கம் சொன்ன இலையைத் தலையிலும் காலடியிலும் வைத்து, வீட்டுக்குப் பெரியவர் அந்த நீரை உச்சியில் வைத்துவிடுவார். முழுக்கு அதற்குப் பிறகுதான். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த பிறகும் நாங்கள் அதில் குறை வைக்கவில்லை. இங்கே பெரியவர் என்றால் இவர்தான், என் கணவர்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யும் மெசினில் படுக்கத் தொடங்கினேன். கையில் நரம்பு சரிவரவில்லை என்று கழுத்தில் குழாய் வைத்தார்கள். அதை மூடி ஒரு வெள்ளைப் பிளாஸ்டர். அதில் தண்ணீர் பட்டால் கிருமி நேரே இரத்தத்துக்குப் போகும் என்று டொக்டர் இவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குத் தலை கழுவுவது குசினியில், பாத்திரம் கழுவும் தொட்டியில். இவர் கதிரையைத் தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டு, என் கழுத்தைச் சுற்றித் துவாயைக் கட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கோப்பையால் தண்ணீர் வார்ப்பார். "சலூன் திறந்தாச்சு, அடுத்த ஆள் வாங்கோ!" என்று ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவார். வேறு ஆள் ஏது? நான் ஒருத்திதான். ஆனாலும் சிரிப்பு வரும்.

அந்த முதல் வருசம் நல்ல நாளெல்லாம் என்னை விட்டு விலகிப் போயின. கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கக் கூடாது என்றார்கள். தீபாவளிப் பலகாரத்தை மணந்து பார்த்ததோடு சரி. பொங்கலில் பால், சர்க்கரை, வாழைப்பழம், முந்திரிகை வற்றல், எல்லாமே எனக்கு ஆகாதவை. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. கோயில் தீர்த்தத்தைக்கூட அந்த அளவுக்குள் சேர்த்துத்தான் குடித்தேன். பிள்ளையாரே, உன் வாசலில் நின்றும் அளந்து குடிக்க வைத்தாயே என்று அழுதிருக்கிறேன்.

சித்திரை வந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மற்றதெல்லாம் வாயால் போகிறது. மருத்து நீர் தலையில் வைப்பது. அது என்ன செய்யும்?

"இஞ்சருங்கோ, எனக்கும் வையுங்கோ" என்றேன்.

"உமக்கென்ன விசரா? டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ?"

"உச்சியில ஒரு சொட்டு. சாமியின்ர தண்ணி என்ன செய்யப் போகுது?"

"சாமியின்ர தண்ணியெண்டாலும் தண்ணிதானே."

"அப்ப நான் இந்த வீட்டு மனிசி இல்லையோ?"

அவர் போத்தலை எடுத்துவந்தார். துவாயைக் கழுத்தில் சுற்றி, இலையை வைத்து, கொஞ்சம் நீரை எடுத்து உச்சியில் வைத்தார். காதுக்குப் பின்னால் ஒரு நூல் போல வழிந்து இறங்கியது. "பட்டிட்டுதோ?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"படேல்லை" என்றேன்.

பட்டது. பிளாஸ்டருக்குள் குளிர்ந்ததை நான் உணர்ந்தேன். சொன்னால் நல்ல நாளும் அதுவுமாய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொஞ்சத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மெசினில் படுத்திருந்தபோது தாதி குனிந்து பார்த்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் கதைப்பார்.

"என்ன அம்மா, இங்க மஞ்சள்?"

"கறி பட்டிட்டுது, மிஸ்."

"அம்மா கழுத்தாலயா சோறு சாப்பிடுறது?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிளாஸ்டரை உரித்தபோது உள்ளே ஒரு துளசித் துணுக்கு ஒட்டிக்கிடந்தது. தாதியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அதற்குள் எனக்குக் குளிர் பிடித்துப் பல் அடிக்கத் தொடங்கிவிட்டது.

இருபது நாளுக்கு மேல் வார்ட்டில் கிடந்தேன். அந்தக் குழாயைக் கழற்றி மற்றப் பக்கக் கழுத்தில் வைத்தார்கள். யார் தண்ணீர் ஊற்றியது என்று டொக்டர் கேட்டபோது இவர் முன்னுக்கு வந்தார். "நான்தான் வைச்சனான், சேர். பிழை என்ர." நான் கேட்டுத்தான் வைத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நித்திரை இல்லை.

எங்களோடு இருக்கும் மகள் அவரை ஏசித் தீர்த்துவிட்டாள். "உங்கட பக்தி அம்மாவைக் கொன்றிருக்கும், அப்பா." நான் முதலில் காய்ச்சலில் உண்மையைச் சொல்லாமல் கிடந்தேன். காய்ச்சல் விட்டபிறகு வெட்கத்தில்.

அதன்பிறகு இவர் கோயிலுக்குப் போவதில்லை. கேட்டால் "பிறகு பாப்பம்" என்பார். என் தலையை இப்போதும் கழுவிவிடுகிறார். ஆனால் சலூன்காரர் வாய் திறப்பதில்லை.

இந்தச் சித்திரைக்கு ஒரு கிழமை முன்னால் சொன்னார்: "இந்த முறை ஒண்டும் வேண்டாம். எல்லாரும் வெறுந்தண்ணியில குளிப்பம்." பிறந்த நாள் தொட்டு ஒரு வருசமும் விடாதவர். என்னுடைய நோய் என்னோடு நின்றிருக்கலாம். இந்த மனிசனின் சாமியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மகள் கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வந்தபோது இவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அப்போது சொன்னேன்.

"பிள்ளை, அண்டைக்கு நான்தான் அவரைக் கேட்டு வைப்பிச்சனான். தண்ணி பட்டதும் எனக்குத் தெரியும்."

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "ஒரு வருசமா என்னை அப்பாவை ஏசவிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ, அம்மா?"

அவள் அறைக்குள் போய்விட்டாள். ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது.

வருசப் பிறப்பன்று காலையில் அவளே போத்தலோடு கோயிலுக்குப் போய் வந்தாள். தகப்பனுக்கு முன்னால் வைத்தாள். "நான் கதைச்சதெல்லாம் பிழை, அப்பா. அம்மா சொன்னவ. தண்ணி பட்டது அவவுக்கு அப்பவே தெரியுமாம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நனைஞ்சது தெரிஞ்சுகொண்டோ படேல்லை எண்டனீர்?"

"ஓம்."

போத்தலை எடுத்து மூடியைத் திறந்து என் கையில் தந்தார். பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அதில் குந்தி, தலையைக் குனிந்தார். இலையை வைத்து நான்தான் அவர் உச்சியில் நீரை வைத்தேன். நெற்றியால் வழிந்தது. துடைக்கவில்லை.

குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு உமக்கு மெசின். முதல்ல தலையைக் கழுவுவம்."

கதிரையைத் தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டார். வெறுந்தண்ணீர்தான். சலூன் திறந்தாச்சு என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு துவாயைச் சுற்றினார், அதன்மேல் இன்னொன்றையும் சுற்றினார். கோப்பையில் தண்ணீரை அள்ளினார்.

"கழுத்து நனைஞ்சாச் சொல்லும்" என்றார்.