வாளியில் மேலேறிய எள்

மருந்துக் கம்பெனியில் என் கணினித் திரையில் ஓடிய மாதிரியில், நன்றாகக் கலந்த இரண்டு பொடிகள், மாத்திரை அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் போகும் குழாய் அதிர அதிரப் பிரிந்துகொண்டிருந்தன. அம்மாவின் எள் வாளியேதான்!

அப்பா மஸ்கட் போன வருஷம் அம்மா தனியாக எள் விதைத்தாள். சீராக விழுவதற்காக வீட்டிலேயே வாளியில் மணலோடு கலந்து, குண்டும் குழியுமான பாதையில் சைக்கிளில் கொண்டுபோய்க் கிழக்கே தொடங்கினாள். கிழக்கே அடர்த்தியாக முளைத்தது. மேற்கே வெறும் தரை.

“உங்களுக்கு வராது அண்ணி. வயலை எங்கிட்ட குத்தகைக்கு விட்டுடுங்க,” என்றார் சித்தப்பா.

அம்மா வீட்டில் மறுபடி கலந்து, அதே பாதையில் வந்து, அவரிடம் வாளியைக் காட்டினாள். மேலெல்லாம் எள், அடியில் மணல்.

“என் கை சரியாத்தான் இருக்கு தம்பி, பாதைதான் பிரிக்குது.”

வரப்பிலேயே கலந்து மேற்கே விதைத்தாள். சீராக முளைத்தது.

திரையில், கலக்கும் இடத்தை மாத்திரை இயந்திரத்தின் பக்கத்துக்கே நகர்த்தினேன். அதற்கு ‘வரப்பு’ என்று பெயர் வைத்தேன்.