நல்லதண்ணியில் ஓர் ஒலிபெருக்கி

யாத்திரை முடித்து மலையிறங்கி, நல்லதண்ணி பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். முத்தையாவின் வடைக்கடை முன்னால் கிராமசபை அதிகாரி நிற்கிறார். கடையின், கார் பாட்டரியில் ஓடும் புது ஒலிபெருக்கியை மரத்திலிருந்து இறக்கச் சொல்கிறார். ஒலிபெருக்கியில் வியாபார விளம்பரம் கூடாதென்று சபை விதி போட்டிருக்கிறதாம்.

அதை இறக்க முத்தையா மேசைமேல் ஏறுகிறார். ஒரு கையில் வடையோடு, ஆடும் மேசையை நான் பிடித்துக்கொள்கிறேன். அப்போது ஒரு பெண் அழுதபடி ஓடி வருகிறாள். கூட்டத்தில் மாமியாரைத் தவறவிட்டுவிட்டாளாம். ஹட்டன் பஸ்ஸோ புறப்படப் போகிறது.

"ஐயா, காணாமப் போனவங்களக் கூப்பிடுறது விளம்பரமாங்க?" என்று கேட்கிறார் முத்தையா.

அதிகாரி யோசிக்கிறார். விதியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. "சரி, கூப்பிடுங்க. அது மட்டும்தான்."

முத்தையா அவளிடம் மாமியாரின் பெயரும் ஊரும் கேட்டு மைக்கைப் பிடிக்கிறார். "பொகவந்தலாவை செல்லம்மா எங்க இருந்தாலும் வாங்க! சுடச்சுட உளுந்து வடை போடுற முத்தையா கடையில உங்க மருமக காத்திருக்காங்க!"

செல்லம்மா வந்துவிடுகிறார். மருமகள் அவரைக் கட்டிக்கொண்டு விம்முகிறாள். பின்னாலேயே வடை கேட்டு ஒரு கூட்டமும் வருகிறது.

அதிகாரி முறைக்கிறார். "இனிமே கடையச் சொல்லாமக் கூப்பிடுங்க."

"கடையச் சொல்லாட்டி எங்கன்னு வருவாங்க, ஐயா?"

அதிகாரி சிரித்துவிடுகிறார். ஒலிபெருக்கி மரத்திலேயே இருக்கிறது.