பொக்லைன் முன்னால் மஞ்சள் கரிசலாங்கண்ணி

திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மழைநீர் வடிகால் தோண்ட பொக்லைன் வந்து நிற்கிறது. டீக்கடை அக்கா, கீரைக்கென்று கடையோரம் நட்டு வளர்த்த மஞ்சள் கரிசலாங்கண்ணியை அவசரமாக அறுத்து, ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கொடி தருகிறார். எனக்கும் ஒன்று, பூவோடு.

"ஆசையா வளர்த்தது போகுதே, வருத்தமா இல்லையாக்கா?"

"இன்னாத்துக்கு? கணுவ மண்ணுல பொதைச்சி தண்ணி ஊத்து, வேர் வுட்டுக்கும். இத்தினி நாளா என் கடையாண்ட மட்டும் கெடந்துச்சி. இனிமே ஊரெல்லாம் படரும், பாரு."

கடைசிக் கொடியைப் பொக்லைன் ஓட்டுநரிடம் நீட்டுகிறார்.

"நீயும் உன் வூட்டாண்ட வை, நைனா."

அவர் இறங்கி வந்து வாங்குகிறார். ஈரத்துணியில் சுற்றி இருக்கையோரம் பத்திரமாக வைக்கிறார். பிறகு தோண்டத் தொடங்குகிறார்.