பேண்டேஜ் துணியும் சாணைக்கல்லும்

எங்கள் ஊரில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமே கிடையாது. ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு அதை நெய்கிறார்கள், வெட்டுகிறார்கள். கழிவுத் துண்டு மூட்டை மூட்டையாகச் சும்மாவே கிடைக்கும். எண்ணெய் துடைக்க, வியர்வை துடைக்க, டீ கிளாஸைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான். நானும் அந்தத் துணியை வெட்டும் கத்திகளுக்குச் சாணை பிடித்துப் பிழைப்பவள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஒரு கொட்டகையை மூன்று பேர் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான், ஒரு லேத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவர். கிரைண்டர் மட்டும் மூவருக்கும் பொது. மாவாட்டுகிற கிரைண்டர் என்று நினைத்துவிட வேண்டாம். மேசையில் முடுக்கி வைத்தது. இரண்டு பக்கமும் கல் சுற்றும், இரும்பைக் காட்டினால் பொறி பறக்கும்.

அதன் முன்னால் நிற்க எனக்கென்று ஒரு முறை உண்டு. முந்தானையை இறுக்கிச் செருகி மேலே சட்டை போட்டுக்கொள்வேன். கண்ணாடி மாட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டேன். போட்டதும் ஒதுங்கி நின்று, கல் வேகம் பிடித்து சத்தம் சீராகும்வரை காத்திருப்பேன். பூஜை ஆரம்பித்துவிட்டது என்று ஆண்கள் இருவரும் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும், கண் என்னுடையது.

கேலியை விட்டுவிடலாம், துணியை எப்படி விடுவது? சின்ன இரும்பைத் தேய்த்தால் சூடேறி விரலைச் சுடும். உடனே இருவரும் விரலில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். ஒரு நூல் பிரிந்து கல்லில் மாட்டினால் துணியோடு விரலையும் இழுத்துவிடும். குறட்டால் பிடியுங்கள், தண்ணீர் டப்பாவில் முக்கி முக்கித் தேயுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் துணி மூட்டையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன்.

வெல்டிங்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். லேத்துக்காரரும் தலையாட்டினார். தனியாகக் கொட்டகை பிடிக்க எனக்கு வசதியில்லை. கிரைண்டர் இல்லாவிட்டால் என் தொழிலும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூட்டையை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

அந்த வாரமே வெல்டிங்காரர் ஒரு கேட் கொண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலில் துணி, அதன் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு நாளைக்கும்மா இந்த அழும்பு பண்ணுவ?"

பேச்சு மும்முரத்தில் கை தாழ்ந்துவிட்டது. கல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. துணி நுனி அதில் பட்டதும் வெடுக்கென்று மொத்தத்தையும் உருவிச் சுற்றிக்கொண்டது. துணியை முடிச்சுப் போடாததால் விரல் தப்பியது. தோல் மட்டும் உரிந்தது. கரண்ட் போய் ஓய்ந்துகொண்டிருந்த கல்லுக்கே அவ்வளவு வலு. கரண்ட் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் லேத்துக்காரர் என்னிடம், இடம் பார்த்தாகிவிட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வெல்டிங்காரர் அந்த விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, என் பக்கம் தலையசைத்தார்.

"இது என் கையில இருக்குல்ல? அப்ப அவியளும் இங்கனதான் இருப்பாக. அவிய போனா நானும் போறேன்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கத்தியை எடுத்தேன்.