ஏ-ஏழுக்கு என்ன அர்த்தம்?

ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது, மூலையிலிருந்து மஞ்சள் தடவிய பழைய ஜாதக நகல் ஒன்று காலடியில் விழுந்தது. அந்த வாசனைக்கு உங்களுக்கெல்லாம் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கு கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், என் பிழைப்பு அப்படி.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். புரோகிராம் எழுத இரண்டே பேர், நானும் கோமதியும். ஒரே வயது, ஒரே சம்பளம். மூளை மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். அப்போது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். டவுனில் கல்யாணத் தகவல் நிலையம் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஆயிரத்துச் சொச்சம் ஜாதகங்களைக் கொண்டுவந்து இறக்கினார். கீபோர்டெல்லாம் மஞ்சள் ஒட்டி மங்களகரமாகிவிட்டது.

எந்தத் தகவல் எங்கே உட்காரும், அதற்கு எத்தனை எழுத்து என்று கோபோலில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். கோமதி எழுதினால் பெயர், ஊர், நட்சத்திரம் எல்லாம் முழுச் சொல்லாக, வரிக்கு ஒன்றாக நிற்கும். உட்பிரிவு நான்கு இடம் உள்ளே தள்ளியிருக்கும். 'செவ்வாய்-உண்டு', 'செவ்வாய்-இல்லை' என்றே ஆங்கில எழுத்தில் எழுதிவிடுவாள். ஆனால் ஜாதக வேலை என் பங்குக்கு வந்தது. நான் வைத்த பெயர்கள் ஏ1, ஏ2, ஏ3. டைப் அடிக்கிற நேரம் மிச்சம் என்று பெருமை வேறு.

"எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு" என்றேன்.

"அப்ப லீவு போடும்போது மண்டையக் கழட்டி இங்கன வச்சுட்டுப் போங்க" என்றாள்.

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பத்தமடையில் வீட்டோடு பத்து நாள் கிடந்தேன். போனும் கிடையாது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்திருக்கிறார். சீவலப்பேரியில் ஒரு டீச்சர், முப்பத்தொரு வயது. செவ்வாய் தோஷத்தால் வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. அதே தோஷம் உள்ள மாப்பிள்ளைகளின் பட்டியல் வேண்டும் என்றாராம். செவ்வாய்க்கான இடம் என் ஏ7 என்பது மட்டும் கோமதிக்குத் தெரியும். அதில் 'யெஸ்' என்பதற்கான ஒய் எழுத்து இருந்தால் தோஷம் உண்டு என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். நானோ, ஒய் என்றால் தோஷமில்லாத சுத்த ஜாதகம் என்று வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அப்படித் தோன்றியது.

பட்டியலில் வந்த ஒரு மாப்பிள்ளையின் அப்பா, ஜோசியரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றபோது, "கம்ப்யூட்டரே சொல்லிட்டு, இனி ஜோசியர் எதுக்கு வே?" என்று அண்ணாச்சி அடக்கிவிட்டார். நான் வேலைக்குத் திரும்பிப் பட்டியலைப் பார்த்தேன்; அத்தனையும் தோஷமில்லாத மாப்பிள்ளைகள். அதற்குள் டீச்சருக்கு அந்த மாப்பிள்ளையோடு நிச்சயமே முடிந்திருந்தது.

"பேசாம விட்டுருவோமா?" என்றேன்.

"நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் டீச்சர் தலையிலதான் விடியும். எந்திரிங்க" என்றாள் கோமதி.

டவுன் பஸ் பிடித்துப் போனோம். டீச்சர் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடவில்லை.

"ஏ-ஏழுக்கு என்ன அர்த்தம்னு எங்கயாவது எழுதி வச்சிருந்தியளா?"

"இல்ல டீச்சர்."

"மறைச்சுக் கட்டிக்க மாட்டேன். நானே அவுககிட்ட சொல்லிருதேன்" என்றார். சொன்னார். ஒரே வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். தன் ஜாதகத்தையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடும்படி அண்ணாச்சியிடம் சொல்லியனுப்பினார் டீச்சர். எனக்கு அவமானமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு முழுப்பெயர் வைக்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. இதில் எவரோடும் வாதாடத் தயார். இப்போது அந்த மாடி இல்லை, தகவல் நிலையம் மொபைல் கடையாகிவிட்டது, கோபோல் தெரிந்த ஆளை இந்த ஊரில் தேடத்தான் வேண்டும். அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் கம்ப்யூட்டரோடு பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். டீச்சர் மட்டும் அதற்கு முன்பே, என் கையாலேயே அழிந்திருந்தார்.