ஏழரை கம்ப்ரஷன்

கம்ப்ரஷன் ரேஷியோ என்பது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, மேலே வந்து நிற்கும்போது எவ்வளவு மிஞ்சுகிறது, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே போட்டுவிடும். அந்த வகுத்தலில்தான் நானும் என் மச்சானும் எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலத்தையே கோட்டை விட்டோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. போர்டில் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று எழுதியிருந்தேன். உள்ளே செய்ததெல்லாம் ஜன்னல் கிரில்லும் பம்பு செட்டுக்குப் புஷ்ஷும்தான். பூப்போட்ட கிரில், மயில் போட்ட கிரில், சூரியன் உதிக்கிற கிரில். மனிதனுக்கு வெறுத்துப் போகாதா? அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து கார் பந்தயம் ஓட்டும் ஒருவர், வந்த இடத்தில் வண்டி மக்கர் செய்ய, என் பட்டறைக்குள் நுழைந்தார். நான் கடைந்து கொடுத்த ஷாஃப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர்சார்ஜர் வெச்சு ஒரு என்ஜின் உங்களால பண்ண முடியுமா? பண்ணிக் காட்டுங்க. ஒழுங்கா ஓடிச்சுன்னா எங்க செட்டு வண்டிங்க எல்லாத்துக்கும் என்ஜின் வேலை உங்களுக்குத்தான்."

நான் அன்றைக்கே மயில் கிரில்லை மனதுக்குள் தலைமுழுகிவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் பெத்தாங்க் விளையாட்டில் இரும்புக் குண்டு உருட்டிக்கொண்டிருக்க, இவருக்குக் கையில் கிரீஸ் படாவிட்டால் சோறு இறங்காது. ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கிய பழைய பிரெஞ்சுக் கார் அவர் வீட்டில் நின்றது. நாலு சிலிண்டர். அதற்குத் தோதான கெட்டியான பிஸ்டன் ஒரு செட்டை பிரான்ஸிலிருந்து கொண்டுவந்திருந்தார். இன்னொரு செட் கேட்டால் வருவதற்கு வழியே கிடையாது. சூப்பர்சார்ஜருக்காக, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் புளோயரை நான் மெட்ராஸ் புதுப்பேட்டையில், ஒரு செத்துப்போன டீசல் என்ஜினிலிருந்து கழற்றி வந்தேன்.

சாதாரண என்ஜின் தானாக மூச்சு இழுக்கும். புளோயர் வைத்த என்ஜினுக்கு ஒன்றரை மடங்கு காற்றைத் திணிக்கிறோம். வயிறு நிறைந்தவனுக்கு மேலும் மேலும் ஊட்டினால் என்ன ஆகும்? அதனால் கம்ப்ரஷனைக் குறைத்தாக வேண்டும். அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்கு ஆறரைதான் சரி என்று இருவரும் முடிவு செய்தோம். ஏழுக்கு மேல் போனால் பெட்ரோல் தனக்குத் தோன்றிய நேரத்தில் வெடிக்கும், பிஸ்டன் தாங்காது. எங்கள் சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்துக்குக் கொள்ளளவு நானூற்று நாலு சி.சி. ஏறக்குறைய ஆறரை வர வேண்டுமென்றால் மேலே மிஞ்சும் இடம் எழுபத்திரண்டு சி.சி.யாவது இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அது ஐம்பத்துச் சொச்சம்தான் இருந்தது.

இடத்தைக் கூட்டுவதில் ஆரம்பித்தது சண்டை. சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட்டைச் செம்புத் தகட்டில் கனமாக வெட்டினால் போதும் என்றார் மச்சான். பிஸ்டன் தலையைக் குழிவாகக் கடைய வேண்டும் என்றேன் நான். கொண்டுவந்த பிஸ்டனில் லேத் பட்டால் அவருக்கு உயிரே போய்விடும். கேஸ்கட் தடித்தால் ஒழுகும் என்று எனக்குப் பயம். என் மனைவி இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆனாள். "ஒரு ஓட்டைக்கு எவ்ளோ எண்ணெ புடிக்குதுன்னு பாக்க இத்தன நாளா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் கேஸ்கட் பாதி, கடைவது பாதி என்று சமாதானம் ஆனது.

இதற்கெல்லாம் நடுவே இன்னொரு தொல்லை. மச்சான் தமிழில்தான் திட்டுவார், தமிழில்தான் சாப்பாடு கேட்பார். எண்ணுவது மட்டும் பிரெஞ்சில். அவர் படித்த பள்ளிக்கூடம் அப்படி, வேலை பார்த்த இடமும் அப்படி. புதுச்சேரிக்காரனுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு எண் காதில் விழுந்துதான் இருக்கும். ஆனால் அந்த மொழியில் எழுபதுக்கென்று தனிப் பெயர் கிடையாது. அறுபதைச் சொல்லி அதோடு பன்னிரண்டைச் சேர்த்தால் எழுபத்திரண்டு. சுவாசாந்த் தெ என்றால் அறுபத்திரண்டு, சுவாசாந்த் தூஸ் என்றால் எழுபத்திரண்டு. இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ஹெட்டைப் பூட்டிய பிறகு கடைசியாக அளந்து பார்க்க வேண்டியிருந்தது. பிஸ்டனை உச்சிக்கு ஏற்றி நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கண்ணாடி அளவுக் குழாயிலிருந்து எண்ணெய் விட வேண்டும். ஓட்டை நிரம்பும்போது குழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதுதான் மிஞ்சும் இடம். அவர் குழாயைப் பிடித்தார். நான் லேத்தில் புளோயர் பெல்ட்டுக்குக் கப்பி கடைந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறையில் தகடு தட்டும் சத்தம் வேறு. அவர் நிமிர்ந்து ஏதோ சொன்னார்.

"எவ்ளோ மச்சான்?"

மறுபடி சொன்னார். சுவாசாந்த் காதில் விழுந்தது. வால் விழுந்ததா என்றால், தூஸ் என்றுதான் விழுந்தது. சந்தேகத்துக்குத் தமிழிலேயே கத்திக் கேட்டேன்.

"எழுவத்திரெண்டா?"

"உய், உய்! ஆமா!" என்று தலையை ஆட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன்.

மெட்ராஸ்காரர் சொன்னபடி வந்தார். பானெட் இல்லாமல், புளோயர் என்ஜினுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்ற வண்டியைச் சுற்றி வந்து சிரித்தார். ஓட்ட உட்கார்ந்தார், நான் பக்கத்தில், மச்சான் பின்னால். தட்டாஞ்சாவடி ரோட்டில் அது போன போக்கு இருக்கிறதே, முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் கடைந்த கப்பி, நான் வெட்டிய கேஸ்கட், நான் பூட்டிய போல்ட். வாழ்க்கையில் எனக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றிய இடம் அது ஒன்றுதான்.

கோரிமேட்டுக்கு ஏறும்போது அவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தார். டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தது. நாக்கிங், பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கிற சத்தம். "காலை எடுங்க, காலை எடுங்க!" என்றேன். அவர் எடுப்பதற்குள் ஒரு டமார், பின்னால் நீலப் புகை, வண்டி மூன்று சிலிண்டரில் நொண்டிப் போய் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்தேன்.

மெட்ராஸ்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. "பரவாயில்லீங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினார். அந்த அப்புறம் வரவேயில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தோம். மச்சான் பெட்ரோலைக் குற்றம் சொன்னார், ஸ்பார்க் டைமிங்கைச் சொன்னார், என் கடைசலைச் சொன்னார். கெடாமல் இருந்த முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்கு ஏற்றி, இந்த முறை அளவுக் குழாயை நானே பிடித்தேன். ஓட்டை நிரம்பிவிட்டது. எண்ணெய் அறுபத்திரண்டில் நின்றது.

நானூற்று நாலோடு அறுபத்திரண்டைக் கூட்டி, அறுபத்திரண்டால் வகுத்தேன். ஏழரை. சனீஸ்வரன் பாதி வழியில் நிற்காமல் நேராக என் என்ஜினுக்குள்ளேயே குடிவந்திருக்கிறார்.

"மச்சான், அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

குழாயை எட்டிப் பார்த்தார். "இதான். சுவாசாந்த் தெ."

"நான் எழுவத்திரெண்டான்னு கேட்டேனே! தமிழ்லதானே கேட்டேன்? ஆமான்னு தலைய ஆட்டுனீங்களே!"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ராணுவத்தில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், வாசல் பக்கம் என் மனைவி நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அறுவது எது, எழுவது எதுன்னு எனக்குத் தமிழ்ல தடுமாறும் மாப்ளே. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ரெண்டும் ஒண்ணு மாரிதான் கேக்கும். அம்பதுக்கு மேல போனா எனக்கு எல்லாமே அப்படித்தான். தங்கச்சி புருஷன் கிட்ட போயி இத எப்படிச் சொல்றது? நீ கேட்டா ஆமான்னுடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயைத் தரையில் போட்டு உடைத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொன்று உறைத்தது. ஹெட் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது, பிஸ்டன் ரிங்குக்கு விட வேண்டிய இடைவெளி, கேஸ்கட்டின் கனம், எல்லாவற்றையும் அவருடைய பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து அவர் வாசிக்க, நான் தமிழில் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பூட்டியிருக்கிறேன்.

"மச்சான், இந்த என்ஜின்ல நான் கேட்ட நம்பர்ல எதுக்கெல்லாம் இப்படி ஆமான்னீங்க?"

"எல்லாத்துக்கும்தான் மாப்ளே," என்றார்.